அந்தப் பக்கம் போனால் மைனஸ்

பென்னிக்கு வயது 12. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன் என்று ஆசிரியரிடம் நல்ல பெயர். அவன் படித்த முறையில் ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சித் தாள்களைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு தன் வேகத்தில் போகலாம். போட்ட விடைகளை அச்சிட்ட விடைப்பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். நூற்றுக்கு 80 எடுத்துவிட்டால் அடுத்த படி. பென்னி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தான்.

ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அவனை எதிரே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தபோது வேறு ஒரு பென்னி வெளியே வந்தான். 2/10 என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்று எழுதினான். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டினால் 12, நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இந்த வழியில் 4/11க்கும் 1.5, 11/4க்கும் 1.5. இரண்டும் ஒன்றாக வருகிறதே என்று அவன் கொஞ்சமும் கலங்கவில்லை. 0.3 உடன் 0.4ஐக் கூட்டினால் அவனுக்கு 0.07. தன் விடை பட்டியலில் உள்ள விடையோடு ஒத்துப்போகாவிட்டால், ஒரே விடைக்குப் பல வடிவங்கள் உண்டு, பட்டியலில் அவற்றில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நம்பினான். 1973இல் எர்ல்வாங்கர் எழுதிய கட்டுரை கணிதக் கல்வி உலகை உலுக்கியது. இத்தனை தேர்வுகளைத் தாண்டி வந்த ஒரு பையனின் தலைக்குள் இப்படி ஒரு கணிதம் ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அவனைப் பேசவிட்டபோதுதான் தெரிந்தது.

விடைத்தாள் இப்படி ஏமாற்றுவது அபூர்வம் அல்ல. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் பிள்ளைகள் கழித்தல் கணக்கில் செய்யும் பிழைகளைக் கணினியைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். பிள்ளைகள் கண்டபடி தப்புப் போடுவதில்லை. தங்களுக்குள் ஒரு தப்பான விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மிகப் பிரபலமான விதி, எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது. அந்தப் பிள்ளைக்கு 52லிருந்து 38 போனால் 26. ஆனால் 87லிருந்து 34ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 53 என்று சரியாகச் சொல்லும். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளாகவே வினாத்தாளில் அமைந்துவிட்டால் முழு மதிப்பெண்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கலாமே? பிரான்சில் உயர்கல்வி நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் வகுப்புகளில் இது பழைய வழக்கம். மூன்று மாணவர்கள், ஒரு தேர்வாளர், ஒரு மணி நேரம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்கவும் வேண்டும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் மூன்று பேருக்கு ஒரு தேர்வாளர் என்ற ஆடம்பரம் எத்தனை பள்ளிக்குக் கட்டுப்படியாகும்? 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே 200 நிமிடம் போய்விடும். அதாவது ஐந்து பாடவேளை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற 39 பேர் என்ன செய்வார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில்தான் செல்போன் உள்ளே வருகிறது. மாணவர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே, ஏன் அப்படிப் போடுகிறேன் என்று சொல்லி, இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்புகிறார். ஆசிரியர் தனக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கிறார். வாய்மொழித் தேர்வேதான், தேர்வாளரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் வேறுபாடு. 40 வீடியோவுக்கு 80 நிமிடம். வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் குறையும். புரியாத இடத்தில் நிறுத்தி, சொன்னதை அப்படியே மறுபடி ஓட்டிக் கேட்கலாம், நேரில் பேசும் பிள்ளையிடம் அது முடியாது.

கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரில் லிங்கன் நடுநிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் எரிக் மார்கோஸ் இதில் முன்னோடிகளில் ஒருவர். டேப்லெட் கணினியும், திரையில் நடப்பதைக் குரலோடு பதிவுசெய்யும் கேம்டேசியா மென்பொருளும் அவருடைய கருவிகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திரையில் எழுதிக்கொண்டே கணக்கை விளக்கிப் பதிவுசெய்தார்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே கற்பிப்பது என்ற பெயரில் அவை மேத்ட்ரெயின் இணையதளத்தில் சேர்ந்தன. ஆலன் நவம்பர் என்ற கல்வியாளர் 2012இல் வெளியிட்ட தம் நூலில் இந்த முயற்சிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். அதே காலத்தில் சல்மான் கான் என்ற இளைஞர், ஒன்றுவிட்ட தங்கைக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, 2006 முதல் யூடியூபில் வீடியோ ஏற்றி உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கான் அகாடமியில் பெரியவர் பேசுவார், பிள்ளை கேட்கும். சாண்டா மோனிகாவில் பிள்ளை பேசியது, பெரியவர் கேட்டார். புகழ் என்னவோ முதலாவதுக்குத்தான் போயிற்று.

பிள்ளை பேசினால் ஆசிரியருக்குத் தெரிகிறது, சரி. பிள்ளைக்கு என்ன லாபம்? இதற்கும் ஆய்வுகள் உண்டு. 2013இல் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லோகன் ஃபியோரெல்லா, ரிச்சர்ட் மேயர் ஆகியோர் கல்லூரி மாணவர்களுக்கு டாப்ளர் விளைவு பற்றிய பாடத்தைக் கொடுத்தார்கள். சிலரிடம் தேர்வு வரும் என்றும், சிலரிடம் இதை நீங்கள் கற்பிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். கற்பிக்கத் தயாரானவர்களிலும் ஒரு பகுதியினர்தான் கேமரா முன் நின்று உண்மையிலேயே பாடம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பாடம் எடுத்தவர்களே முன்னே நின்றார்கள். கற்பிக்கப்போகிறோம் என்று படித்து, கற்பிக்காமலே விட்டவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் அவ்வளவு நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் வின்சன்ட் ஹோகர்ஹைடெ குழுவினர் பள்ளி, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையிலும், படித்ததை வீடியோவில் விளக்கிச் சொன்னவர்களுக்கு நன்மை இருந்தது தெரிந்தது. எதிரே ஆள் இல்லாவிட்டாலும், யாரோ கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணமே மூளையை நிமிர்ந்து உட்கார வைக்கிறது போலும்.

இவ்வளவு இருந்தும் பல வகுப்பறைகளில் இந்த முயற்சி சப்பென்று முடிந்துவிடுகிறது. காரணம் கேள்வியில் இருக்கிறது. பயிற்சி 3.2இல் நான்காம் கணக்கைச் செய்து வீடியோ எடுத்து வாருங்கள் என்றால், பிள்ளை நோட்டில் இருப்பதை அப்படியே வாசிக்கும். ஈக்வல் டூ, ஈக்வல் டூ என்று இரண்டு நிமிடம் ஓடும். கையால் எழுதியது குரலாக மாறியிருக்கிறதே தவிர, ஆசிரியருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

நல்ல கேள்விக்கு ஓர் உதாரணம் லிப்பிங் மா என்ற சீன-அமெரிக்க ஆய்வாளரின் 1999ஆம் ஆண்டு நூலில் கிடைக்கிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும், அதற்குப் பொருத்தமாக ஒரு கதையும் சொல்ல வேண்டும். அவர் இதைக் கேட்டது மாணவர்களிடம் அல்ல, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம். அமெரிக்காவில் 23 பேரில் 21 பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள், 9 பேருக்குத்தான் முழுதாகச் சரியாக வந்தது. பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனாவில் 72 பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள்; அவர்களில் 65 பேர் சரியான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பலர் தடுக்கி விழுந்த இடம் சுவாரசியமானது: அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு முக்கால் லிட்டரும் கொஞ்சமும் வரும். கேள்வி அதுவல்ல. அதே பாலை அரை லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் எத்தனை பாத்திரம் என்பதுதான் கேள்வி. விடை மூன்றரை.

இந்தக் கேள்வியை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வீடியோவாகக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதி மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் கதை வராது. அல்லது பங்கிடும் கதை வரும், விடையோ மூன்றரை என்று இருக்கும். ஒன்றே முக்கால் எப்படிப் பங்கிட்டபின் மூன்றரை ஆனது என்று அதற்கே பாதியில் சந்தேகம் வந்து குரல் தயங்கும். அந்தத் தயக்கம் விடைத்தாளில் ஒருநாளும் பதியாது.

தமிழ்ப் பள்ளிகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் ஒரு வாசகம் உண்டு: “அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்.” 3x + 5 = 20 என்ற சமன்பாட்டில் 5 சமக்குறியைத் தாண்டிப் போகிறது, மைனஸ் ஆகிறது, 3x = 15, x = 5. விடை சரி. ஆனால் 5 எங்கும் போகவில்லை. இரு பக்கமும் சமமாக இருக்கின்றன, இரு பக்கத்திலிருந்தும் ஒரே அளவு எடுத்தோம், அதனால் சமம் கலையவில்லை என்பதுதான் நடந்தது. இதை அறியாமல் தாண்டும் மந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளையிடம் -3x = 12 என்று கொடுத்தால், மைனஸ் அந்தப் பக்கம் போனால் பிளஸ் என்று சொல்லிக்கொண்டே 12ஐ 3ஆல் வகுத்து 4 என்று எழுதிவிடும். சரியான விடை -4. விடைத்தாளைத் திருத்துபவர் குறியைக் கவனக்குறைவாக விட்டுவிட்டான் என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போவார். வீடியோவில் கேட்பவருக்கு அது கவனக்குறைவு இல்லை என்று தெரிந்துவிடும். பிள்ளை மிகுந்த கவனத்தோடுதான் தப்பான விதியைப் பின்பற்றியிருக்கிறது.

கேள்விகளில் இன்னும் சில வகை உண்டு. (a + b)² என்பது a² + b² என்று ஒரு நண்பன் எழுதியிருக்கிறான், அவனுக்குக் காகிதத்தை வெட்டிக் காட்டி விளக்கு என்று கேட்கலாம். பக்கம் a + b உள்ள சதுரக் காகிதத்தைக் கோடு போட்டுப் பிரித்தால் இரண்டு சதுரங்களோடு இரண்டு செவ்வகங்களும் வரும். நண்பன் விட்டது அந்த இரண்டு செவ்வகங்களைத்தான். 3க்கும் 2க்கும் போட்டுப் பார்த்தால் 25க்குப் பதில் 13 வருகிறது, விட்டுப்போன 12 அந்தச் செவ்வகங்களின் பரப்பு. வீட்டு மாடிப்படியின் சாய்வை அளந்து காட்டச் சொல்லலாம். திருத்திய விடைத்தாளில் தானே செய்த ஒரு பிழையைத் தேர்ந்தெடுத்து, அப்போது என்ன நினைத்து அப்படிப் போட்டேன் என்று சொல்லச் சொல்லலாம். கடைசியாகச் சொன்னது எளிதாகத் தெரிந்தாலும் இவற்றில் மிகவும் பயன் தருவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

படம்பிடிக்க ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே ஒரு ஸ்கேலைப் பாலம் போல வைத்து, அதன்மேல் செல்போனைக் கேமரா கீழே பார்க்கும்படி வைத்தால் கீழே உள்ள தாளும் எழுதும் கையும் தெரியும். முகம் தெரியாது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு அதுவே பாதி நிம்மதி.

மதிப்பெண் என்று வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தபோது செயல்பாடுகளுக்கென்று தனி மதிப்பெண் ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லது. பல வீடுகளில் நடந்தது என்னவென்றால், இரவு ஒன்பது மணிக்கு அப்பா சார்ட் பேப்பர் வாங்க ஓடினார், அம்மா தெர்மாகோலை வெட்டினார், பிள்ளை தூங்கிவிட்டது. வீடியோவையும் அப்படி ஆக்க அதிக நாள் ஆகாது. பின்னணி இசை, பறந்துவரும் எழுத்து, எடிட்டிங் தெரிந்த சித்தப்பா எல்லாம் வந்துவிட்டால், மதிப்பெண் சித்தப்பாவுக்குப் போகும். அமெரிக்காவின் மேத்கவுண்ட்ஸ் அறக்கட்டளை 2011-12 கல்வியாண்டில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர் குழுவாகச் சேர்ந்து கணக்கு வீடியோ எடுக்கும் போட்டியைத் தொடங்கியது. கதை, நடிப்பு, நகைச்சுவை எல்லாம் அங்கே பொருந்தும், ஏனெனில் அது போட்டி. மதிப்பீட்டுக்கு வெட்டாத, ஒட்டாத, ஒரே மூச்சில் எடுத்த வீடியோ போதும். திக்கித் திணறித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இடங்கள் அதில் இருப்பது குறை ஆகாது.

எனவே அளவுகோலை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கு சரியா, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொன்னாயா, படமோ பொருளோ வைத்துக் காட்டினாயா, கணிதச் சொற்களைச் சரியாகப் பயன்படுத்தினாயா, இவ்வளவே. அழகுக்கு மதிப்பெண் பூஜ்யம். ஆங்கில உச்சரிப்புக்கும் பூஜ்யம். ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை தமிழில் விளக்கினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது கணிதத்தையா மொழியையா என்று தெரியாமல் போகும்.

முதல் வீடியோவுக்கு மதிப்பெண்ணே போடாமல் இருப்பது இன்னும் நல்லது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிக்கவில்லை. வீடியோவுக்கும் ஆசிரியர் ஒரு கேள்வியைக் குரல்பதிவாகத் திருப்பி அனுப்பினால் போதும்: “நீ ஏன் இங்கே வகுத்தாய்?” அதற்குப் பதிலாக வரும் இரண்டாவது வீடியோவுக்கு மதிப்பெண் போடலாம்.

இந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2014இல் வெளிவந்த ஃபோட்டோமேத் செயலி கணக்கைப் படம்பிடித்தால் படிப்படியாகப் போட்டுக் காட்டியது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், ஏன் என்ற விளக்கத்தையும் இயந்திரமே எழுதித் தருகிறது. பிள்ளை அதைப் பார்த்து வாசித்து வீடியோ எடுப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் எழுதி வைத்ததை வாசிக்கும் குரல் காதுக்குப் பழகிய ஆசிரியரிடம் சீக்கிரம் அகப்படும். சந்தேகம் இருந்தால் மறுநாள் வகுப்பில் அதே கணக்கில் ஓர் எண்ணை மாற்றிப் பலகையில் போடச் சொன்னால் தெரிந்துவிடும்.

செல்போன் யார் கையில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் அமைப்பு 2023இல் நம் நாட்டின் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 90 விழுக்காட்டு வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 19.8 விழுக்காடு. வீட்டுப்பாடமாக வீடியோ கொடுத்தால், அண்ணன் வீடு திரும்பும்வரை தங்கை காத்திருக்க வேண்டிவரும். நான்கு பேருக்கு ஒரு கருவி என்று வைத்து, பள்ளியிலேயே பாடவேளையில் எடுப்பதுதான் நியாயம். ஒருவர் விளக்க, ஒருவர் பிடிக்க, மற்ற இருவர் குறுக்குக் கேள்வி கேட்க, பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்த வீடியோ எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தப்புக் கணக்கோடு ஒரு பிள்ளையின் குரல் சுற்றிவந்தால் அது கேலிக்குத்தான் தீனி. அதனால் வீடியோ ஆசிரியருக்கு மட்டும் போகட்டும், ஆண்டு முடிந்ததும் அவர் அதை அழித்துவிடட்டும். செயலிகளை நம்பியும் இருக்க முடியாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃபிலிப்கிரிட் இப்படிப்பட்ட மாணவர் வீடியோக்களுக்கென்றே உருவானது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி இலவசமாக்கியது, ஊரடங்குக் காலத்தில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள், 2022இல் ஃபிலிப் என்று பெயர் மாறியது, 2024இல் தனிச் செயலியாக இருந்ததை மூடிவிட்டார்கள்.

வீடியோ எல்லாவற்றையும் அளக்காது. ஒரு வீடியோவில் ஒரு கருத்துதான் அடங்கும். பாடத்திட்டம் முழுவதையும் தொட்டுப் பார்க்கவும், வேகத்தையும் பழக்கத்தையும் சோதிக்கவும் எழுத்துத் தேர்வுதான் சரி. ஒரு பருவத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் வீடியோ கேட்டால் பிள்ளைக்கும் அலுக்கும், ஆசிரியருக்கும் தாங்காது. பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: ஏழாம் வகுப்பில் குறை எண்கள், எட்டாம் வகுப்பில் சமன்பாடுகள் என்பதுபோல. பருவ முடிவில் அதே பிள்ளையிடம் அதன் முதல் வீடியோவையே போட்டுக் காட்டி, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லி மூன்றாவதாக ஒன்றை எடுக்கச் சொன்னால், அதற்கு வேறு வினாத்தாள் தயாரிக்க வேண்டியதில்லை.